இருட்டென்றே தெரியாத இருட்டு

“கண்ணு நல்லாத்தான் சார் தெரியுது. கண்ணாடி மட்டும் எழுதிக் குடுங்க, போதும்.”

விழுப்புரம் மாவட்டத்தில் எந்தக் கண் முகாமுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவருக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். கண் அழுத்தம் பார்ப்பார்கள், சொட்டு மருந்து விட்டுப் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். பாப்பா விரிந்த பிறகு லென்ஸ் வைத்து உள்ளே பார்க்கும் டாக்டர் சில பேரிடம் மட்டும், “நரம்பு பாதிச்சிருக்குங்க ஐயா, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து டெஸ்ட் எடுக்கணும்” என்பார். வந்தவருக்கு நம்பிக்கை பிறக்காது. புரை என்றால் மங்கலாவது தெரியும். தெளிவாகத் தெரிகிற கண்ணில் என்ன நோய்?

அவர் பொய் சொல்லவில்லை. டாக்டர் சொல்வதும் உண்மை. இரண்டும் ஒரே கண்ணைப் பற்றிய உண்மைகள். இது எப்படி என்று கேட்கப் போனால் கேள்வி ஆஸ்பத்திரி வாசலோடு நிற்பதில்லை. பார்ப்பது யார்? தனக்கு எது தெரியவில்லை என்பது பார்ப்பவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால், அதை யார்தான் சொல்ல முடியும்?

இந்த மாவட்டத்துக் கண்டாச்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் உள்ள தாலுகா ஊர். கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற பூமி. வெளியூர்க்காரர்களுக்கு அது கிரிவலத்துக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் கடந்துபோகிற ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். ஆனால் மேலே உள்ள கேள்விகளைத் தமிழில் கேட்டவர்களில் முக்கியமான சிலர் இந்த ஊரைச் சுற்றித்தான் இருந்திருக்கிறார்கள். திருக்கோவிலூரில், மழை இரவொன்றில், ஒடுங்கிய இடைகழியில் நெருக்கியடித்து நின்ற முதல் ஆழ்வார்கள் மூவரும், கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஆள் ஒருவர் தங்களை நெருக்குவதை உணர்ந்து, பாட்டையே விளக்காக ஏற்றிப் பார்த்தார்கள் என்பது வைணவ மரபு. திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ‘திருக் திருசிய விவேகம்’ என்ற வடமொழி வேதாந்த நூலைத் தமிழ் உரைநடையில் தந்தார். பார்ப்பவன் வேறு, பார்க்கப்படுவது வேறு என்று பிரித்துக் காட்டுவதே அந்த நூலின் வேலை. தெற்கே திருவெண்ணெய்நல்லூர். சுந்தரமூர்த்தி நாயனாரை இறைவன் ஓலை காட்டி வழக்காடி ஆட்கொண்ட ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்தவர் வாழ்ந்த ஊரும் அதுவே. அவருடைய பெயரிலேயே கண் இருக்கிறது: மெய்கண்டார்.

அவரிடம் போவதற்கு முன்னால், கண்ணுக்குள் என்ன சாகிறது, அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

விழித்திரையின் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அதற்குள் அடுக்கடுக்காக நரம்பு செல்கள். ஒளியை வாங்கிக்கொள்ளும் செல்கள் பின்னடுக்கில் இருக்கின்றன. அவை பிடித்ததைக் கைமாற்றிக் கைமாற்றி முன்னடுக்குக்குக் கொண்டுவந்தால், அங்கிருந்து மூளைக்கு அனுப்பிவைப்பவை கேங்லியான் செல்கள். ஒரு கண்ணில் இவை சுமார் 10 லட்சம்; ஆளுக்கு ஆள் 7 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை மாறும். ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஓர் இழை கிளம்புகிறது. எல்லா இழைகளும் ஒரே வாசல் வழியாகக் கண்ணைவிட்டு வெளியேறுகின்றன. அந்தக் கற்றைக்குப் பெயர்தான் பார்வை நரம்பு. கிளாகோமா என்ற கண்நீர் அழுத்த நோய் தாக்குவது அந்த வாசலில். வயதாவதாலேயே ஆண்டுக்கு நாலைந்தாயிரம் இழைகள் போய்விடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நோய் அந்தத் தேய்மானத்தைப் பல மடங்கு ஆக்குகிறது. செத்த செல் மறுபடி முளைப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியிலிருந்து வரும் ஒளி, அதை வாங்கும் செல்களைத் தொடுவதற்கு முன் இந்தக் கேங்லியான் செல்களின் ஊடாகத்தான் போக வேண்டும். அதனால் அவை ஒளியைத் தடுக்காதபடி தெளிந்து இருக்கின்றன. மனிதர்கள் உலகம் முழுவதையும் இவற்றின் வழியாகவே பார்க்கிறார்கள், இவற்றைப் பார்ப்பதில்லை. டாக்டருக்கும் அதே சங்கடம்தான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தபோது ரத்தக்குழாய் தெரிந்தது, நரம்பு வெளியேறும் வட்டம் தெரிந்தது. எந்தச் செல்களை எண்ண வேண்டுமோ அவை மட்டும் தெரியவில்லை.

ஆகவே எண்ணிக்கை உயிரற்ற கண்ணில்தான் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் எலியின் மூளையில் ஒரு சாயத்தை வைப்பார்கள். நரம்பிழைகள் அதை உறிஞ்சிப் பின்னோக்கிக் கண்வரை கொண்டுபோகும். பிறகு விழித்திரையை எடுத்து, பூவிதழ்போல் நாலு வெட்டு வெட்டித் தட்டையாக விரித்து, மைக்ரோஸ்கோப்பில் ஒளிரும் புள்ளிகளை எண்ணுவார்கள். ஒளிர்ந்தால் உயிரோடு இருந்த செல். ஒரு கண்ணை நோய்க்கு உட்படுத்தி, மற்றதை அப்படியே விட்டு, இரண்டின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் கிடைப்பது சேதத்தின் அளவு. புதிய மருந்து எதுவானாலும் முதலில் இந்தக் கணக்கில் தேற வேண்டும்.

மனிதக் கண்ணில்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாரி குவிக்லியும் கூட்டாளிகளும் 1980களில் செய்தது இது: கிளாகோமாவோடு வாழ்ந்து, பார்வைப் பரப்புச் சோதனையும் செய்துகொண்டவர்கள் இறந்த பிறகு அவர்களுடைய கண்களைப் பெற்று, எந்த இடத்தில் எத்தனை செல் மிச்சம் என்று எண்ணி, அதை அவர்களுடைய பழைய சோதனைத் தாளோடு பொருத்திப் பார்த்தார்கள். 2000-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு, சோதனைத் தாளில் குறை திட்டவட்டமாகத் தென்படும்போது குறைந்தது 25 முதல் 35 சதவீதம் செல்கள் ஏற்கெனவே போயிருக்கும் என்றது. கால்வாசிக்கு மேல் போன பிறகே சோதனைக்கே தெரிய வருகிறது. சோதனைக்கே போகாதவர் கதி?

(கண்ணைத் தானம் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறக்க நேரும் என்ற பயம் நம் கிராமங்களில் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தன் கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பரைக் கோயில் பிரகாரத்தில் நிறுத்திக் கும்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் எந்த வழியில் வந்ததோ!)

சோதனைக்குப் போகாதவர்கள் எத்தனை பேர் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல கணக்கு இருக்கிறது. சங்கர நேத்ராலயாவின் சென்னை கிளாகோமா ஆய்வில் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 3924 பேரைப் பரிசோதித்தார்கள். கிளாகோமாவின் பரவலான வகை 64 பேருக்கு இருந்தது. அவர்களில் 98 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பது அதுவரை தெரியாது. தென்மாவட்டக் கிராமங்களில் 5150 பேரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வில், எல்லா வகையும் சேர்த்து 2.6 சதவீதம் பேருக்கு கிளாகோமா. அங்கும் பெரும்பாலோருக்கு விஷயமே தெரியாது.

படிப்பறிவு குறைவு, ஆஸ்பத்திரி தூரம் என்று காரணம் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் லண்டனில் என்ன ஆயிற்று? டேவிட் கிராப் என்பவரும் குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நோய் இருப்பது தெரிந்து சிகிச்சையில் இருந்த 50 பேரிடம் சில படங்களைக் காட்டி, “உங்களுக்கு உலகம் எப்படித் தெரிகிறது?” என்று கேட்டார்கள். விளம்பரத் தட்டிகளில் போடுவதுபோல் சுற்றிலும் கறுப்பாக, நடுவில் குகைத் துவாரம்போல் இருந்த படத்தை ஒருவர்கூடத் தொடவில்லை. கறுப்புத் திட்டுகள் இருந்த படத்தையும் யாரும் எடுக்கவில்லை. பாதிப் பேருக்கு மேல் சில இடங்கள் மங்கலாக இருக்கும் படத்தைக் காட்டினார்கள். சிலர் பொருட்கள் காணாமல்போன படத்தைக் காட்டினார்கள், அதாவது தெருவில் கார் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் தெரு. நாலில் ஒருவர் தங்கள் பார்வையில் குறையே இல்லை என்றார். சிகிச்சையில் இருப்பவர்கள்! படித்த நகரம்!

மூளை சும்மா இருப்பதில்லை என்பதுதான் விஷயம். நரம்பு வெளியேறும் வாசலில் ஒளி வாங்கும் செல் எதுவும் கிடையாது. அதனால் எல்லோருடைய கண்ணிலும் பிறவியிலேயே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. மனித இனம் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் அதோடு வாழ்ந்தும், 1660களில் பிரான்சின் எட்மே மாரியட் சோதித்துக் காட்டும்வரை அப்படி ஒன்று இருப்பது உலகத்துக்குத் தெரியவில்லை. சுற்றி இருப்பதைக் கொண்டு மூளை அந்த இடத்தை ஒட்டுப்போட்டு நிரப்பிவிடுகிறது. இந்த நிரப்பும் வேலையை நுணுக்கமாக ஆராய்ந்தவர்களில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் முக்கியமானவர். 1991-ல் அவரும் ரிச்சர்ட் கிரிகரியும், நல்ல கண்ணிலேயே செயற்கையாக ஒரு வெற்றிடத்தை உண்டாக்கி, சில விநாடிகளில் அது சுற்றுப்புறத்தால் நிரம்பிவிடுவதைக் காட்டினார்கள். கிளாகோமாக்காரர் கண்ணிலும் அதே கைவேலைதான். ஒட்டுப்போட்ட இடத்தில் ஒட்டு தெரியாது.

பதினான்காம் நூற்றாண்டில் தில்லையில் இருந்த சைவ சித்தாந்தி உமாபதி சிவம் ‘திருவருட்பயன்’ என்று நூறு குறட்பாக்கள் எழுதினார். அதில் இருள்மலம் பற்றிய பகுதியில் ஒரு வித்தியாசம் சொல்கிறார். வெளியில் இருக்கும் சாதாரண இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருப்பதை மறைக்காது; இருட்டாக இருக்கிறது என்றாவது ஒருவருக்குத் தெரியும். உயிரைப் பிடித்திருக்கும் ஆணவ இருள் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. அதனால்தான் அதில் கிடப்பவர் தேட்டம் எதுவும் இல்லாமல் நிம்மதியாகக் கிடக்கிறார். முகாம் பெஞ்சில் உட்கார்ந்து “நல்லாத்தான் தெரியுது” என்கிறவரின் நிலைமைக்கு இதைவிடத் துல்லியமான வர்ணனை மருத்துவப் புத்தகத்திலும் கிடைப்பது அரிது.

சுந்தரர் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் விளங்கும். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் போயிற்று. போன நொடியே தெரிந்துவிட்டது. உடனே சண்டைக்குப் போய்விட்டார். வழிநெடுக இறைவனிடம் உரிமையோடு கோபித்துப் பாடிக்கொண்டே போனார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றொரு கண் என்று வாங்கினார். முறையிட முடிந்ததால்தான் வாங்க முடிந்தது. முறையிடுவதற்கான முகாந்திரத்தையே எடுத்துக்கொண்டு போகிற நோய்க்கு எந்த ஊரில் போய்ப் பதிகம் பாடுவது?

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ‘சித்தாந்தம் அன்றே கிளாகோமாவைச் சொல்லிவிட்டது’ என்று மேடை போட்டுப் பேசக் கிளம்பினால் அது இரண்டு துறைக்கும் செய்கிற அவமரியாதை. உமாபதி சிவம் கண்நோய் பற்றிப் பேசவில்லை. கறாராகப் பார்த்தால் சித்தாந்தக் கணக்கில் கண் இருளின் பக்கமே கிடையாது. ஆணவத்தில் மூழ்கிக் கிடக்கும் உயிர் கொஞ்சமாவது அறியட்டும் என்று மாயையிலிருந்து ஆக்கித் தந்த கருவி அது; ஒரு விளக்கு. கிளாகோமாவில் கெடுவது விளக்கு. ஆணவம் கெடுவதும் இல்லை, கூடுவதும் இல்லை. ஆனாலும் தன் குறையைத் தானே அறிய முடியாத ஒரு அறிவாளி எப்படி இருப்பான் என்ற கேள்வியை அவர்கள் சிரத்தையாக யோசித்திருக்கிறார்கள். கண் டாக்டருக்கு அந்தக் கேள்வி தினசரி வேலை.

அந்த வேலையில் பாதி நடப்பது ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்கு முன்னால். பார்வைப் பரப்புச் சோதனை என்பார்கள். ஆஸ்பத்திரியில் ‘ஃபீல்டு டெஸ்ட்’ என்றால்தான் புரியும். அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் பொருத்தி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். “நடுவுல இருக்கிற லைட்டையே பாருங்கம்மா. கண்ணை அசைக்கக் கூடாது. பக்கத்துல எங்கயாவது புள்ளி மின்னுச்சுன்னா அமுக்குங்க.” வழக்கமான சோதனையில் 54 இடங்களில் ஒளிப்புள்ளி மாறி மாறி வரும், ஒரு தடவை பளிச்சென்று, ஒரு தடவை தெரிந்தும் தெரியாமலும். தெரிகிறது, தெரியவில்லை என்பதன் விளிம்பு எங்கே என்று தேடுவதுதான் இயந்திரத்தின் நோக்கம். அதனால் நல்ல கண்ணுக்கும் பல புள்ளிகள் தெரியாமலே போகும். வெளியே வருகிற பெண்மணி, “நிறைய விட்டுட்டேன் போலிருக்கு, ஃபெயிலா?” என்று கேட்பார். பள்ளிக்கூடப் பயம் அறுபது வயதிலும் போவதில்லை.

ஃபெயிலாகிவிடக் கூடாதே என்று சிலர் புள்ளி வராமலே அமுக்குவார்கள். இயந்திரத்துக்கு அது தெரியும். புள்ளி காட்டாமல் ஓசையை மட்டும் எழுப்பிவிட்டுக் காத்திருக்கும், அமுக்கினால் குறித்துக்கொள்ளும். இன்னொரு பொறி இதைவிடச் சாமர்த்தியமானது. நடுவிளக்கை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் வெளிப்பக்கம் ஏறக்குறைய 15 டிகிரியில் அந்தப் பிறவிக் குருட்டுப் புள்ளி வரும். இயந்திரம் வேண்டுமென்றே அங்கே ஒரு புள்ளியை மின்னவிடும். அதைப் ‘பார்த்துவிட்டேன்’ என்று அமுக்கினால் கண் அலைந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்க முடியாத இடத்தில் பார்த்ததாகச் சொல்கிறாரா என்பதை வைத்து, பார்த்ததாகச் சொன்ன மற்றதை எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போடுகிறது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, முடிவில் தாளின் மூலையில் சாட்சியின் நம்பகத்தன்மையைச் சதவீதத்தில் அச்சடித்தும் தருகிறது.

மறுபாதி வேலையைச் செய்யும் ஓ.சி.டி. என்ற ஸ்கேன் இயந்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. 1991-ல் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வெளியிட்ட நுட்பம் அது. அகச்சிவப்புக் கதிரை உள்ளே அனுப்பி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பி வருவதை ஒப்பிட்டு, விழித்திரையைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படிப் படமாக்கிவிடும். கத்தி வேண்டாம், சாயம் வேண்டாம். நரம்பு வாசலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இழைகளின் அடுக்கு எத்தனை மைக்ரான் தடிமன் என்று சொல்லும். நல்ல கண்ணில் சராசரி 90, 100 மைக்ரான் வாக்கில் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குச் சற்றுக் கூட. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமும் போட்டுக் கொடுக்கும்.

பச்சை என்றால் யாரோடு ஒப்பிட்டுப் பச்சை? பரவலாகப் புழங்கும் ஒரு கருவியில் ‘இயல்பான கண்’ என்று வைத்திருந்த தொகுப்பு 284 பேருடையது. அதில் இந்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. விழுப்புரத்துக் கண்ணை எந்த ஊர்க் கண்ணோடு நிறுத்தி அளக்கிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கண்ணின் நீளம் மாறினால் அளவு மாறும், வயது மாறினால் மாறும். நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதும் டாக்டர் நல்ல டாக்டர் இல்லை.

இன்னொரு விஷயம்தான் தத்துவக்காரர்கள் கவனிக்க வேண்டியது. நோய் முற்றிக்கொண்டே போகும்போது மைக்ரான் குறைந்துகொண்டே வரும். 50 பக்கம் வந்ததும் நின்றுவிடும். எல்லா இழைகளும் செத்தாலும் ரத்தக்குழாயும் தாங்கு திசுவும் அங்கே மிச்சம் இருக்கும் அல்லவா, அதன் தடிமன் அது. அதற்குக் கீழே இயந்திரத்துக்குச் சொல்ல எதுவும் இல்லை. நோயாளிக்கோ இருக்கிற கொஞ்சப் பார்வையும் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் டாக்டர் மறுபடி வெள்ளைக் கிண்ணத்துக்கே திரும்பி, “தெரிகிறதா?” என்று ஆளைத்தான் கேட்க வேண்டும். தொடக்கத்தில் ஆளைவிட இயந்திரத்துக்கு அதிகம் தெரியும். முடிவில் இயந்திரத்தைவிட ஆளுக்கு அதிகம் தெரியும். பார்வை என்பது தசை, நரம்பு, மைக்ரான் சமாசாரம் மட்டும்தான் என்பவர்களும், அனுபவமே பிரமாணம், அளப்பதற்கு என்ன இருக்கிறது என்பவர்களும் ஆளுக்குப் பாதிதான் சரி.

இப்போது திருவெண்ணெய்நல்லூருக்குப் போகலாம். மெய்கண்டார் சிறு பிள்ளையாக இருந்தபோதே ஞானம் பெற்று, பெரியவர்களுக்குப் பாடம் சொன்னார் என்பது மரபு. அவருடைய குடும்பத்துக் குருவான அருணந்தி, சகல ஆகமங்களும் கரைத்துக் குடித்தவர். தன் மாணவர்களே ஒவ்வொருவராக அந்தப் பிள்ளையிடம் போய் உட்கார்வதைக் கண்டு ஆத்திரத்தோடு வந்து, “ஆணவத்தின் இலக்கணம் என்ன?” என்று கேட்டாராம். பிள்ளை பதில் சொல்லவில்லை. அருணந்தியை அடிமுதல் முடிவரை ஒரு பார்வை பார்த்தார். ‘இதோ நிற்கிறதே, இதுதான்.’ அருணந்தி விழுந்து வணங்கி மாணவரானார். பிற்பாடு சிவஞான சித்தியார் எழுதினார்.

இந்தக் கதையைப் பணிவுக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். அதில் இருக்கும் அறிவுக் கோட்பாட்டை அவ்வளவாகச் சொல்வதில்லை. அருணந்திக்கு ஆணவத்தின் வரையறை தெரியாமல் இல்லை. ஆகமத்திலிருந்து மேற்கோள் காட்டியிருப்பார். தன்னிடம் இருப்பது மட்டும் தெரியவில்லை. எவ்வளவு உள்ளே திரும்பிப் பார்த்தாலும் தெரிந்திருக்காது, ஏனென்றால் பார்க்கிற கருவிக்குள்ளேயே அது இருந்தது. எதிரே நின்ற இன்னொருவர் காட்ட வேண்டியிருந்தது. சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரம் கண்ணை உவமையாக எடுத்துக்கொண்டு இதையேதான் கட்டுகிறது: கண் பொருளைக் காண்கிறது, ஆனால் காணும்படி கண்ணுக்குக் காட்டுவது உயிர், கண்ணுக்கு உயிர் எப்படியோ, உயிருக்கு இறைவன் அப்படி. கண் தன்னையும் காணாது, தனக்குக் காட்டும் உயிரையும் காணாது.

திருவண்ணாமலைப் பக்கத்து வேதாந்தி இதை ஒப்புக்கொள்ள மாட்டார். பொருளைக் கண் அறிகிறது, கண்ணை மனம் அறிகிறது, மனத்தைச் சாட்சி அறிகிறது. சாட்சியை அறிய இன்னொன்று வேண்டாம், அது தானே ஒளிர்வது என்பார். பார்வையில் ஓட்டை விழுந்தால் அது காட்சியில் விழுந்த ஓட்டை; சாட்சிக்கு என்ன குறை? வாதமாகப் பார்த்தால் இதைத் தள்ள முடியாது. லோகாயதர் கட்சியும் இருக்கிறது: செல் போனால் பார்வை போகிறது, இதற்கு மேல் பார்ப்பவர் என்று தனியாக ஒருவர் எதற்கு? அதற்குச் சித்தாந்தி, கண்ணுக்கு ஓசை தெரியாது, காதுக்கு நிறம் தெரியாது, இரண்டையும் சேர்த்து அறிகிற ஒன்று வேறாகத்தானே இருக்க வேண்டும் என்று பதில் சொல்வார். லண்டனில் பிரான்செஸ்கா கார்டெய்ரோவின் குழு, ஒளிரும் புரதம் ஒன்றை ஊசிமூலம் ஏற்றி, மனித விழித்திரையில் செல்கள் சாகும் கட்டத்திலேயே அவற்றை வெள்ளைப் புள்ளிகளாகப் படம்பிடித்து 2017-ல் முதல் முடிவுகளை வெளியிட்டது. அந்தப் புள்ளிகளை எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும் இந்த மூன்று கட்சியில் எது ஜெயித்தது என்று அது சொல்லாது. ஆன்மாவுக்கு மைக்ரான் கணக்கு கிடையாது.

ஆனால் ஒரு சின்ன விஷயத்தில் எண்ணிக்கை பேசுகிறது என்றே சொல்ல வேண்டும். ‘என் அனுபவத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா?’ என்ற நம்பிக்கை எல்லா மதக்காரர்களிடமும், மதமே வேண்டாம் என்பவர்களிடமும் பொதுவாக இருக்கிறது. கால்வாசி நரம்பு செத்தும் முழு உலகமும் தெரிவதாகச் சத்தியம் செய்கிற லட்சக்கணக்கான நல்ல மனிதர்கள் அந்த நம்பிக்கையை உடைக்கிறார்கள். காட்டுபவர் ஒருவர் வெளியே தேவை என்று திருவெண்ணெய்நல்லூர்க்காரர் பிடித்த பிடிவாதம், இறைவனைப் பொறுத்தவரை சரியோ இல்லையோ, கண்ணைப் பொறுத்தவரை சரி.

அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி அதற்கு வைத்தது ஸ்ரீ அரவிந்தரின் பெயர். கண் சிகிச்சையை ஆன்மிகப் பயிற்சியாகவே அவர் எண்ணினார். அரவிந்தர் வாழ்ந்த புதுச்சேரிக்கே அந்த மருத்துவமனை 2003-ல் வந்தது. தவளக்குப்பத்தில், கடலூர் சாலையில் இருக்கிறது. விழுப்புரம் பக்கத்துக்காரர்கள் பஸ் ஏறிப் போய்விடக்கூடிய தூரம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதைவிடப் பக்கம். இழந்த செல்லை எங்கேயும் மீட்டுத் தர முடியாது. சொட்டு மருந்தாலோ லேசராலோ அறுவை சிகிச்சையாலோ கண் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். நேற்றுப் போனது போனதுதான். நாளை போகவிருப்பதைத் தடுக்கலாம்.

ஆகவே 40 வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடிக்கு மட்டும் போய்விட்டுத் திரும்ப வேண்டாம். “அழுத்தம் பாருங்க, சொட்டு விட்டு நரம்பையும் பாத்துடுங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை யாருக்காவது இந்த நோய் இருந்தால் நாற்பது வரைக்கும் காத்திருக்கக் கூடாது. வீட்டில் ஒருவருக்கு என்று தெரிந்ததும் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துப் போய்க் காட்டிவிட வேண்டும். கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டை, டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் விடுவதும் அழுத்தத்தை ஏற்றிவிடும். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், கண் நன்றாகத் தெரிகிறது என்பதற்காக அதை நிறுத்தாதீர்கள்.